அடித்தது போக மிஞ்சியது

மோய்ரா சாவதற்கு ஒன்பது நாள் முன்னால், ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, மதியச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுத் தோழி பெவர்லிக்கு ஒரு வேலை கொடுத்தாள்.

"என்னைப் புதைக்கறப்ப நீதான் பேசணும், பெவ். டிரெவர் அந்தத் தடி ஃபைலைத் தூக்கிட்டு வந்தான்னா குழியிலேர்ந்து எந்திரிச்சு வந்து உதைப்பேன்."

"நான் பஸ் ஓட்டறவடி. எனக்கு என்ன பேசத் தெரியும்?"

"நீ நிஜமா என்ன நம்பறியோ அதைச் சொல்லு. புஸ்தகத்துல படிச்சது, டிரெவர் சொன்னது, கேக்க நல்லா இருக்கேன்னு சொல்றது, இதெல்லாம் ஒண்ணும் வேண்டாம்."

பெவர்லி தலையாட்டினாள். வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் உறைத்தது. தான் நிஜமாக என்ன நம்புகிறோம் என்று அவளுக்கே தெரியாது.

ஐம்பத்துநாலு வயதுக்காரி அவள். இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் மேட்டு நிலத்தின் குறுக்கே, பள்ளத்தாக்கு ஊரிலிருந்து அந்தப்பக்கத்து ஆலை ஊருக்கு பத்தொன்பது வருடமாக பஸ் ஓட்டுகிறாள். காலை ஆறு நாற்பது வண்டி அவளுடையது. நீர்த்தேக்கத்து வளைவில் காற்று அடித்து அடித்து ஒருபக்கமாகவே சாய்ந்துபோன முள்மரம் ஒன்று நிற்கிறது. அதைக் கடக்கும்போது ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்கிக் காட்டுவது அவள் வழக்கம். பள்ளிக்கூடச் சமையலறை வேலைக்காக அதே வண்டியில் வந்துகொண்டிருந்த மோய்ரா ஒருநாள் கேட்டாள்: "யாருக்குக் கை காட்டறீங்க?"

"அந்த மரத்துக்கு" என்று சொல்லிவிட்டு, சிரிக்கப்போகிறாள் என்று பெவர்லி காத்திருந்தாள். மோய்ரா சிரிக்கவில்லை. மறுநாள் முன்சீட்டில் உட்கார்ந்து அவளும் இரண்டு விரலைத் தூக்கினாள். அடுத்த மாதமே பெவர்லியைத் தன் கூட்டத்துக்கு அழைத்துப் போனாள்.

பேகன் கூட்டம் என்று அதற்குப் பெயர். சர்ச்சுகள் வருவதற்கு முந்தின தெய்வங்களைக் கும்பிடும் பதினைந்து பேர், பப் மாடியில் மாதம் ஒருமுறை கூடுவார்கள். வட்டமாக நிற்பார்கள். நாலு திசைகளையும் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். தேவியையும் கொம்புத் தெய்வத்தையும் வரவேற்பார்கள். நடத்துகிறவன் டிரெவர். கம்பளக் கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவன், கூட்டத்தில் மட்டும் 'ரேவன்', அதாவது அண்டங்காக்கை, என்று தனக்குப் பெயர் வைத்துக்கொண்டவன். சடங்குக்கு வேண்டிய வாசகமெல்லாம் அவனுடைய ஒரு தடி ஃபைலில் இருக்கும். பதினோரு வருடமாக மேற்குத் திசையைக் கூப்பிடும் பொறுப்பு பெவர்லியுடையது.

மோய்ரா ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் போய்ச் சேர்ந்தாள். வெள்ளிக்கிழமை, ஆலை ஊர் கடைசி நிறுத்தத்தில் பெவர்லி தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு கிழவர் காலி பஸ்ஸில் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தார். மோய்ராவின் அண்ணன் கிளிஃபர்ட். மெதடிஸ்ட் கிறிஸ்தவக் கோயிலில் நாற்பது வருடமாகப் பாடுகிற ஆள். அடக்கத்தை நடத்தவேண்டிய உரிமைக்காரர் அவர்தான்.

"நீதான் பேசணும்னு எழுதி வச்சிருக்கா" என்றார். "நான் குறுக்க நிக்கல. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நீங்கல்லாம் என்னத்தைத்தாம்மா நம்பறீங்க?"

பெவர்லி வாயைத் திறந்தாள். இயற்கையின் புனிதம், தேவியின் அரவணைப்பு, முடிவில்லாத சுழற்சி என்று ஃபைலில் இருந்ததெல்லாம் வரிசையாக வந்து விழுந்தது.

கிளிஃபர்ட் பொறுமையாகக் கேட்டார். "சோப்பு விளம்பரம் மாதிரி இருக்கும்மா" என்றார்.

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. கோபப்படலாம் என்று பார்த்தால், அவர் சொன்னது சரியாக இருந்தது.

"எனக்கு ஒத்துக்காத வார்த்தையா இருந்தாலும் பரவால்ல. சொல்றவ நம்பிச் சொல்லணும். என் தங்கச்சி மேல மண்ணு போடறப்ப விளம்பரம் கேக்க நான் வரல. புதன்கிழமை வரைக்கும் டைம் எடுத்துக்க. வியாழன் அடக்கம். முடியலேன்னா சொல்லு, எங்க போதகர் ரெண்டு வார்த்தை பேசட்டும்."

"முடியும்" என்றாள் பெவர்லி, சட்டென்று. எப்படி என்று தெரியாமலே சொன்னாள்.

சனிக்கிழமை லீவு. காலையிலேயே சமையலறை மேஜையில் கோடு போட்ட நோட்டை விரித்து, பதினோரு வருடமாகக் கூட்டத்தில் சொன்னதையெல்லாம் வரிக்கு ஒன்றாக எழுதினாள். இருபத்துமூன்று வரி வந்தது. ஒவ்வொன்றையும் சத்தமாகப் படித்துப் பார்த்தாள். ஆறு நாற்பது வண்டியில் தூக்கக் கலக்கத்தோடு வேலைக்குப் போகிறவர்களைப் பார்த்து, கூச்சமில்லாமல் இதைச் சொல்ல முடியுமா? முடியாதென்றால் அந்த வரியின் மேல் ஒரு கோடு.

திசைகள் முதலில் போயின. கொம்புத் தெய்வமும் சுலபமாகப் போனது. அவர் அவளுக்கு என்றைக்குமே கிறிஸ்துமஸ் நாடகத்தில் வேஷம் கட்டினவர் போலத்தான் தெரிந்தார். மந்திரம், ஜோசியச் சீட்டு, நிலா வெளிச்சத்தில் வைத்தெடுத்த தண்ணீர் எல்லாம் அடிபட்டன. தேவியிடம் வந்தபோது பேனா நின்றது.

நாலு வருடத்துக்கு முன் மகன் கிரெய்க் மோட்டார் சைக்கிளோடு லாரியில் மோதி ஆபரேஷன் அறையில் கிடந்தான். ஐந்து மணிநேரம் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தாள். அந்த ஐந்து மணிநேரத்தில் ஒரு தடவைகூட அவள் தேவியைக் கூப்பிடவில்லை. ஜன்னலுக்கு வெளியே, கார் நிறுத்துமிடத்தில் பட்டை உரிந்த பெரிய மரம் ஒன்று நின்றது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அவளோடு காத்திருக்கிறது என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. மகன் பிழைத்துக்கொண்டான். இருபத்துமூன்று வரியில் அந்த மரம் எங்கேயும் இல்லை.

தேவியை அடித்தாள்.

பிறகு ஆற்றைப் பற்றி யோசித்தாள். வெள்ளம் வந்த வருடம் ஆறு வீட்டுக்குள் புகுந்து, இதே சமையலறையில் இடுப்பளவு நின்றது. தண்ணீர் வடிந்ததும் சேற்று ரப்பர் பூட்ஸோடு பாலத்தில் போய் நின்று வாயில் வந்தபடியெல்லாம் ஆற்றைத் திட்டினாள். பிறகு மூன்று மாதம் அதோடு பேச்சு வார்த்தையே இல்லை. பாலத்தைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள். உயிரில்லாத பொருளோடு யாராவது காய் விடுவார்களா? நோட்டில் புதிதாக ஒரு வரி எழுதினாள்: ஆத்துக்கு உயிர் இருக்கு.

கடைசியில் மிஞ்சியது கோடை நாடு. செத்தவர்கள் போய் இளைப்பாறிவிட்டு மறுபடி பிறந்து வரும் பச்சை நாடு என்று ஃபைல் சொல்லும். மோய்ராவை அங்கே உட்காரவைத்துப் பார்க்க அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. முடி மறுபடி வளர்ந்திருக்கும், இருமல் நின்றிருக்கும். கெட்டிலை இரண்டு தடவை கொதிக்கவிட்டும் தேநீர் போடவில்லை. ஆசையாக இருக்கிறது என்பதைத் தவிர அதை நம்ப அவளிடம் வேறு காரணமில்லை. "மன்னிச்சுக்கடி" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு அதையும் அடித்தாள். மேஜையில் தலையைக் கவிழ்த்து, பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி அழுதாள்.

அன்று பிற்பகலே பப் மாடிக்குப் போனாள். டிரெவர் ஃபைலோடு காத்திருந்தான். அடக்கச் சடங்குக்குப் பதினாலு பக்கம் தயாராக இருந்தது.

"நான் இதைப் படிக்கல, டிரெவர்."

"வேண்டாம், நான் படிக்கறேன். நீ வழக்கம்போல மேற்கை மட்டும் கூப்பிடு."

"பதினோரு வருஷமாக் கூப்பிட்டாச்சு. ஒரு நாளாவது அது வந்த மாதிரி எனக்குத் தோணல."

அவன் கண்ணாடியைக் கழற்றினான். "அப்ப இத்தனை வருஷமா எங்க முன்னாடி நடிச்சுட்டிருந்தியா?"

"உங்க எல்லாரோடயும் சேர்ந்து நிக்கறது பிடிச்சிருந்தது. அதையே நம்பிக்கைன்னு நெனச்சுட்டேன். உன்னை ஏமாத்தணும்னு இல்லப்பா."

"எம்பொண்டாட்டி பாலீன் என்னை விட்டுட்டுப் போனப்ப எனக்கு இருந்தது தேவி மட்டும்தான்" என்றான் டிரெவர். "உனக்கு இது சோப்பா இருக்கலாம். எனக்கு இல்ல."

கிளிஃபர்ட் சொன்ன சோப்பு விஷயத்தை மாடிக்கு வந்ததுமே அவளே உளறியிருந்தாள். இப்போது வெட்கமாக இருந்தது. "உன்னோடது உனக்கு நிஜம். அதை நான் தொடல. என் வாயால சொன்னா அது பொய்யாயிடும், அவ்வளவுதான். மோய்ராகிட்ட வாக்குக் குடுத்திருக்கேன்."

"ஊர்க்காரங்க முன்னாடி நம்மளைக் கேலிப் பொருளாக்கப் போற" என்றான் அவன். அவள் படியிறங்கினாள்.

புதன்கிழமை கிளிஃபர்ட் அதே நிறுத்தத்தில் ஏறினார். பெவர்லி நோட்டை நீட்டினாள். அவர் மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"அப்ப மோய்ரா எங்கயுமே போகலேங்கற."

"மண்ணுக்குப் போறா. மண்ணு எனக்குச் சின்ன விஷயம் இல்ல. அதுக்கு மேல தெரியாது. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்ல மாட்டேன்."

"நான் அவளைத் திரும்பப் பாப்பேம்மா. அதுல எனக்குச் சந்தேகமே கிடையாது."

"அப்ப அதை நீங்க சொல்லுங்க. நான் முடிச்சப்பறம், அதே இடத்துல நின்னு."

அவர் நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்தார். "சுவத்துல முட்டினாலும் திரும்ப மாட்டே போலிருக்கே" என்றார். "எங்கம்மா பெத்த மாதிரிதான் நீயும்."

வியாழக்கிழமை சாரல். மலைக்கு அந்தப்புறம், கல்லறைக் கல் இல்லாமல் மரம் நட்டுப் புதைக்கிற வயலில் முப்பது பேர் நின்றார்கள். மோய்ராவோடு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலைபார்த்த பெண்கள், கோயில்காரர்கள், ஒரு ஓரமாகக் கூட்டத்துக்காரர்கள். டிரெவர் வந்திருந்தான், ஃபைல் இல்லாமல். பிரம்பால் பின்னிய சவப்பெட்டியைக் குழியில் இறக்கினார்கள். பெவர்லி பஸ் கம்பெனி மழைக்கோட்டோடு முன்னால் வந்தாள். காற்று நோட்டைப் பிடுங்கப் பார்த்தது. அதைப் பைக்குள் திணித்துவிட்டுப் பேசினாள்.

"என்ன நம்பறியோ அதை மட்டும் சொல்லுன்னு மோய்ரா சொன்னா. எங்கிட்ட இருக்கறது கொஞ்சம்தான். இந்த மலை, நம்ம ஆறு, இந்த மரங்க எல்லாம் உயிருள்ளதுன்னு நம்பறேன். ஆளுங்க மாதிரிதான் அதுங்களும். அதுங்க நம்மளைக் காப்பாத்தும்னு நான் நெனைக்கல. ஆறு என் வீட்டையே எடுத்துச்சு. ஆனா நாம தனியா இல்ல. கூட நிக்குதுங்க. அதனால வழியில பாத்தா ஒரு வார்த்தை சொல்லணும், அதுங்ககிட்டேர்ந்து எதையாவது எடுத்துக்கிட்டா நன்றி சொல்லணும். இன்னிக்கு இவளை இந்த மண்ணுகிட்ட குடுக்கறோம். நல்லவ, வாய் ஜாஸ்தி. நல்லபடியா வச்சுக்கோன்னு மண்ணுகிட்ட சொல்றேன். அவ இனி எங்க இருப்பாள்னு கேட்டா எனக்குத் தெரியாது. எனக்கு அவ இல்லாதது வலிக்குது. அவ்வளவுதான்."

சமையலறைப் பெண் ஒருத்தி சத்தமாக மூக்கைச் சிந்தினாள். பிறகு கிளிஃபர்ட் வந்து அதே இடத்தில் நின்று, தங்கையை மறுபடி பார்ப்பேன் என்று சொன்னார். ஒரு பாட்டும் பாடினார். உச்சத்தில் குரல் போய்விட்டது. தெரிந்தவர்கள் கூடச் சேர்ந்து இழுத்துக்கொண்டு போனார்கள். பெவர்லிக்குப் பாட்டு தெரியாது. வாயசைக்காமல் நின்றாள்.

அடுத்த மாதக் கூட்டத்துக்குப் போய், வட்டத்தில் நிற்பேன், தேநீர் போடுவேன், மேற்கைக் கூப்பிட மட்டும் மாட்டேன் என்று சொன்னாள். டிரெவர் பரவாயில்லை என்றான். மற்றவர்களில் பாதிப்பேர் ஒத்துக்கொள்ளவில்லை. சண்டை வளருமுன் அவளே விலகிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆற்றோரமாக மலைக்கு நடக்க ஆரம்பித்தாள். முதலில் தனியாக. பிறகு அடக்கத்தில் கேட்ட இரண்டு பேர் சேர்ந்தார்கள். சில ஞாயிறு டிரெவரும் வந்தான். அவன் தேவியோடு பேசிக்கொண்டு வருவான், இவள் ஆற்றோடு.

மார்ச்சில், மூக்கைச் சிந்திய அந்தச் சமையலறைப் பெண் வந்தாள். யுவான் என்று பேர்.

"அன்னிக்கு நீங்க சொன்னதை எழுதிக் குடுங்களேன். நாலு காப்பி எடுத்துக்கறேன்."

"குடுக்க மாட்டேன்" என்றாள் பெவர்லி. "இன்னொருத்தர் ஃபைலை வச்சுக்கிட்டு பதினோரு வருஷம் நான் பட்டது போதும்."

யுவானுக்குச் சுருக்கென்றது. முகத்தைத் தூக்கிக்கொண்டு போனவள் ஐந்து வாரம் வரவில்லை. ஆறாவது வாரம் பாலத்தில் ஒரு காகிதத்தோடு நின்றிருந்தாள். செத்த அப்பாவோடு தினமும் பேசுவதாகவும், அவர் பதில் சொல்வதாகவும் எழுதியிருந்தாள். அதில் பாதி பெவர்லிக்குக் கொஞ்சமும் ஒத்துவரவில்லை. ஒளிக்காமல் சொன்னாள். யுவான் விடவில்லை. இரண்டு பேரும் கையை ஆட்டி ஆட்டி வாதாடிக்கொண்டே மேடேறினார்கள்.