மறுப்பு உண்டா?

அந்தத் துறையில் ஒரு வழக்கம் இருந்தது. ஆய்வேட்டின் மீதான வாய்மொழித் தேர்வு முடிந்ததும் துறைத்தலைவி எழுந்து, அறையை ஒரு சுற்றுப் பார்த்து, "மறுப்பு உண்டா?" என்று மூன்று தடவை கேட்பார். ஒருவரும் வாயைத் திறக்காவிட்டால் பட்டம் உறுதி. இதுவரை யாரும் திறந்ததாக நினைவில்லை என்றுதான் புதியவர்களிடம் சொல்வார்கள். மொழித் தத்துவம் படித்தவர்கள் நிறைந்த அறை அது. ஒற்றை வாக்கியத்தை வைத்துக்கொண்டு மதியம் முழுக்க மல்லுக்கட்டுவார்கள். அந்தக் கேள்வி வந்தால் மட்டும் எல்லோருக்கும் நகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

உண்மையில் எப்போதோ ஒருவர் திறந்திருந்தார். அடுத்த கல்வியாண்டு முழுக்க அவருக்குக் காலை எட்டு மணி வகுப்பு. தலைவி பழிவாங்கினார் என்று யாரும் சொல்லிவிட முடியாது. கால அட்டவணை அப்படி அமைந்துவிட்டது, அவ்வளவுதான்.

அன்று தேர்வுக்கு நின்றவனைத் துறையில் சைலன்சர் என்பார்கள். பேசாமலிருப்பதைப் பற்றித்தான் அவன் ஆய்வு, அவனும் பேசுவதில்லை. ஒரு காலத்தில் பேசிக்கொண்டிருந்தவன்தான். மனைவி இறந்தபிறகு நின்றுவிட்டது. வேறொரு கல்லூரியில் வேலை தயாராக இருந்தது. இன்று தேறினால் அவனுக்கு, தவறினால் அடுத்த ஆளுக்கு.

மச்சினன் லீவு போட்டுவிட்டு வந்து பைக்கில் கூட்டி வந்திருந்தான். மனைவியின் தம்பி. மாடிப்படி ஏறும்போது கேட்டான்.

"அத்தான், உள்ள போறதுக்கு முன்னாடி ஒரே வரில சொல்லு. என்னதான் கண்டுபிடிச்ச?"

"பேசாம இருக்கறதை எப்பச் சம்மதம்னு எடுத்துக்கலாம்னு."

"எப்ப?"

"'முடியாது'ன்னு சொன்னா எந்த நஷ்டமும் வராத இடத்துல மட்டும்."

"மத்த இடத்துல?"

"சம்மதமும் இல்ல, மறுப்பும் இல்ல. ஒரு ஆள் பேசாம இருக்கான், அவ்வளவுதான்."

"இதுக்கா இத்தன வருஷம்? எங்க ஆபீஸ் மீட்டிங்ல ஒரு நாள் வந்து உக்காந்திருக்கலாமே."

மச்சினன் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தான். அவன் அக்காவைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டதில்லை. அவன் அப்பா அம்மாவும் பேசியதில்லை. அந்த வீட்டில் மருமகனுக்குச் சாப்பாடு போட்டார்கள், சட்டை எடுத்துக் கொடுத்தார்கள், ஆஸ்பத்திரியில் என்ன நடந்தது என்று மட்டும் கேட்கவில்லை. குற்றவாளியை வேறு எப்படி நடத்துவார்கள் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் ஆய்வேட்டைப் பிரித்து மேய்ந்திருந்தார். கேள்விகள் ஒவ்வொன்றாக வந்தன. அவன் சுருக்கமாகப் பதில் சொன்னான். எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கடைசிக் கேள்விக்கு வந்தார்.

"இன்னும் கொஞ்ச நேரத்துல உங்க மேடம் மறுப்பு உண்டான்னு கேப்பாங்க. எல்லாரும் சும்மா இருப்பாங்க. உடனே உங்களுக்குப் பட்டம். சரியா?"

"சரி சார்."

"அந்த மௌனம் உங்க விதிப்படி சம்மதமா?"

தேர்வாளர் பொறி வைத்துவிட்டார் என்பது மொழி படித்த அத்தனை பேருக்கும் ஒரே நொடியில் புரிந்தது. ஆமாம் என்றால், இந்த அறையில் மறுப்பவருக்கு எந்த நஷ்டமும் இல்லை என்று ஆகும். அது பச்சைப் பொய். இல்லை என்றால், பட்டம் செல்லாது என்று அவனே சொன்னதாக ஆகும். தலைவியின் முகத்துக்கு நேரே சொன்னதாகவும் ஆகும்.

அவனுடைய நெறியாளர் கண்ணாலேயே கெஞ்சினார். 'சூழலைப் பொறுத்தது' என்று வழவழவென்று ஏதாவது சொல்லிவிட்டு உட்கார், என்றது அந்தப் பார்வை. அப்படித் தப்பித்துக்கொள்ள அவனுக்கும் தெரியும்.

"இல்ல சார். சம்மதம் ஆகாது" என்றான்.

தலைவி நிமிர்ந்தார். "ஏன் ஆகாது? இங்க மறுத்தா அப்படி என்ன நஷ்டம்?"

"காலைல எட்டு மணி வகுப்பு, மேடம்."

யாரோ இருமினார்கள். இருமல் சிரிப்பாகி அறை முழுக்கப் பரவியது. "சைலன்சர் கழண்டுடுச்சுடா" என்று நடு வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. தலைவி சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. வாதம் என்று வந்துவிட்டால் அவருக்கு மற்றதெல்லாம் மறந்துவிடும்; அது அவருடைய பலவீனம்.

"சரி, ஒத்தொத்தரா எழுப்பி வாயால சொல்லச் சொல்றேன். அப்ப?"

"அப்பவும் நீங்க கேட்டுக்கிட்டுதானே இருப்பீங்க. நஷ்டம் அப்படியேதான் இருக்கு."

"அப்ப என்னதான் பண்ணணுங்கற?"

"நீங்க கொஞ்சம் வெளில போகணும், மேடம்."

நெறியாளர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார்.

"போறேன்னே வை. யாரு மறுத்தாங்கன்னு அப்புறம் விசாரிச்சா?"

"விசாரிக்க மாட்டேன்னு சொல்லிட்டுப் போங்க. இத்தன பேர் முன்னாடி சொன்னா அது வெறும் பேச்சு இல்ல. உங்களைக் கட்டிப் போட்டுடும்."

வாக்குறுதிகளைப் பற்றி வாழ்நாள் முழுக்க எழுதியவர் தலைவி. நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார்.

"விசாரிக்க மாட்டேன். சொல்லிட்டேன். எல்லாரும் கேட்டுக்கங்க."

கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கதவு சாத்திக்கொண்டது.

தேர்வாளர் தலைவியின் இடத்தில் போய் நின்றார். தன் பொறியை ஒருவன் இப்படிப் பிரித்துப் போடுவான் என்று அவர் எதிர்பார்த்திருக்கவில்லை. குரலில் ஒரு உற்சாகம் வந்திருந்தது.

"மறுப்பு உண்டா?"

ஒருவரும் பேசவில்லை. பழக்கம் போகுமா.

"மறுப்பு உண்டா?"

இப்படியே முடிந்தால் அவனுக்குப் பட்டம் கிடைக்கும். ஆனால் இந்த மௌனத்துக்கு இப்போதாவது அர்த்தம் வந்ததா என்பது கடைசிவரை தெரியாது.

"மறுப்பு..."

"எனக்கு இருக்கு சார்."

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒப்பந்த விரிவுரையாளர் எழுந்து நின்றாள். வருடா வருடம் தலைவி கையெழுத்துப் போட்டால்தான் அவளுக்கு வேலை நீடிக்கும். இந்த அறையில் அவள் எழுந்து நின்றதை யாரும் பார்த்ததில்லை. அத்தனை தலைகளும் திரும்பின.

"நாலாவது அத்தியாயம்" என்றாள். "ஆஸ்பத்திரி உதாரணம்."

அவன் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். கடைசி வரிசையில் மச்சினன் அசையாமல் இருந்தான்.

"ஒருத்தர் வராண்டாவுல நிக்கறார். உள்ள மனைவி. டாக்டர் வேகமா வந்து, 'ஆபரேஷன் பண்ணிடலாம்ல?'ன்னு கேக்கறார். இவர் பேசல. டாக்டர் அதைச் சம்மதம்னு எடுத்துக்கிட்டு உள்ள போயிடறார். அந்தம்மா பிழைக்கல. இந்த ஆளோட மௌனம் சம்மதம்தான், பொறுப்பு அவரோடதுதான்னு எழுதியிருக்கீங்க. அதை நான் ஒத்துக்கல."

"அவர் படிச்சவர்" என்றான் அவன். "டாக்டர் அவரை மிரட்டல. வேணாம்னு சொல்லியிருக்கலாம்."

"வேணாம்னு சொன்னா?"

"ஆபரேஷன் நடந்திருக்காது."

"நடக்காம செத்துப் போயிருந்தா? அது யார் தலைல விழும்? அந்தப் பயத்துல நிக்கறவருக்கு 'வேணாம்'ங்கறது நஷ்டமில்லாத வார்த்தையா?"

"கேள்வி கேட்டிருக்கலாமே. ஒரு நிமிஷம் இருங்கன்னாவது சொல்லியிருக்கலாம்."

"டாக்டர் அந்த ஒரு நிமிஷம் நின்னாரா? உங்க உதாரணத்துல நிக்கலையே. நீங்களே எழுதியிருக்கீங்க." அவள் குரல் உயர்ந்தது. "எட்டு மணி வகுப்புக்குப் பயந்து நாங்க பேசாம இருந்தா அது சம்மதம் இல்லன்னு சொல்றீங்க. ஒரு உயிருக்குப் பயந்து அந்த ஆள் பேசாம இருந்தா மட்டும் சம்மதமா? உங்க விதி எல்லாருக்கும் பொருந்துது. அவர் ஒருத்தருக்கு மட்டும் பொருந்தாதா? அவர் என்ன பாவம் பண்ணினார்?"

அவன் பதிலைத் தேடினான். வரிசையாக வாதங்களைத் திரட்டினான். அந்த அத்தியாயத்தைப் பலமுறை எழுதியவன், ஒவ்வொரு முறையும் அந்த ஆளைத் தப்ப விடாமல் எழுதியவன். இப்போது ஒரு வாதமும் கையில் நிற்கவில்லை.

"நீங்க சொல்றது சரி. அவர் சம்மதிக்கல."

பிறகு அவனே சத்தமாகத் திரும்பச் சொன்னான். "அவர் சம்மதிக்கல."

தேர்வாளர் நான்காவது அத்தியாயத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டார். "இந்த உதாரணம் விழுந்துடுச்சு. விதிக்கு இருந்த ஒரே ஓட்டையும் அதோட அடைஞ்சுடுச்சு. வேற மறுப்பு உண்டா?"

யாரும் பேசவில்லை. ஆனால் ஒருவரும் நகத்தைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுத்தவள் ஒன்றும் ஆகாமல் அங்கேயே நின்றிருந்தாள். முடியும் என்று தெரிந்தும் மற்றவர்கள் மறுக்கவில்லை. இதுதான் சம்மதம். ஒரு அறை முழுக்க அது நிறைந்திருப்பதை அவன் முதல் தடவையாகப் பார்த்தான்.

தலைவியைக் கூப்பிட்டார்கள்.

"மறுப்பு வந்துச்சா?"

"வந்துச்சு" என்றார் தேர்வாளர்.

தலைவியின் வாய் திறந்தது. அப்படியே நின்றது. மூடியது. அவர் படும் பாட்டைப் பார்க்கப் பரிதாபமாக இருந்தது.

"நான்தான் மேடம்" என்றாள் விரிவுரையாளர்.

"அம்மா தாயே, நான் உங்கிட்டக் கேக்கவே இல்ல!" என்று தலைவி இரண்டு கைகளையும் தூக்கினார். அறை வெடித்துச் சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் அவரே அறிவித்துவிட்டார். ஆய்வேடு ஏற்கப்பட்டது. நெறியாளர் ஓடிவந்து அவனைக் கட்டிக்கொண்டார். மேஜைகளைத் தட்டினார்கள், சின்னப் பிள்ளைகள் மாதிரி.

வராண்டாவில் மச்சினன் காத்திருந்தான். கண் சிவந்திருந்தது.

"அந்த ஆள் நீதானே அத்தான்?"

"ஆமா."

"நாங்க உன்னைக் கேக்காம இருந்தது..." மச்சினன் பைக் சாவியை உள்ளங்கையில் அழுத்தினான். "கேட்டா நீ உடைஞ்சு போயிடுவேன்னு அப்பாதான் கேக்கவே கூடாதுன்னாரு. நீ என்னன்னு நினைச்சிருந்த?"

பதிலுக்குக் காத்திராமல் மச்சினன் போனில் அப்பாவின் எண்ணைப் போட்டு அவன் கையில் திணித்தான்.

"என்ன மாப்ள, என்னாச்சு?" மாமனாரின் குரல் பதறியது.

"தேறிட்டேன் மாமா!" அவன் போட்ட சத்தத்தில் படியில் இறங்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "ஒரு அத்தியாயம் மட்டும் திருப்பி எழுதணும். அதுல என்ன இருக்குன்னு உங்ககிட்டச் சொல்லணும். அன்னைக்கு ஆஸ்பத்திரில..."

"சொல்லு மாப்ள" என்றார் மாமனார். "அத்தையும் பக்கத்துலதான் இருக்கா. இரு, ஸ்பீக்கர்ல போடறேன்."

அவன் சொல்ல ஆரம்பித்தான்.