மாரண்டஹள்ளிக்குக் கொடுத்த சீட்டு

தர்மபுரி டாக்டர் வெங்கடாசலம், எல்.எம்.பி., கல்யாண வீட்டுக்குப் போனாலும் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்போடுதான் போவார். பதினோரு பெரிய வீடுகளுக்கு அவர் குடும்ப டாக்டர். வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தே வைத்தியம் சொல்லிவிடுவார். நோயாளியைப் பார்ப்பது பிற்பாடு.

நாற்பத்து நாலில் அம்மை பரவியது. வளர்ந்த பிள்ளைகளுக்கும் மறுபடி அம்மை குத்தச் சர்க்கார் ஆள் வீடு வீடாக வந்தார். மாரண்டஹள்ளிப் பண்ணைக்காரர் ராஜப்பன் மகள் ஜானகிக்குப் பதினைந்து வயது. வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். கையில் புண்ணோடு எப்படிக் காட்டுவது? டாக்டர் தன் பெயர் அச்சடித்த தாளில், "குழந்தையில் குத்தியதே ஆயுசுக்கும் போதும்" என்று எழுதினார். கையெழுத்தே அரைப்பக்கம். சர்க்கார் ஆள் அந்தத் தாளைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனார்.

மூன்றாம் வாரம் ஜானகி அம்மையில் போய்விட்டாள். ஆத்தா அழைத்துக்கொண்டாள் என்றார்கள். டாக்டரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காரியத்தன்று அவருக்குத்தான் முதல் இலை போட்டார்கள்.

அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் கதவோரம் அவர் கண்ணுக்கு மட்டும் ஓர் இடது கை நீண்டிருந்தது. முகம் இல்லை. குழந்தையில் குத்திய தழும்பு மங்கிப்போன கை மட்டும்.

அடுத்த மாதம் ஜவுளி வியாபாரி கரீம் வீட்டில் கூப்பிட்டார்கள். வாசலில் சர்க்கார் ஆள் பெட்டியோடு காத்திருந்தார். திரைக்குப் பின்னாலிருந்து கரீமின் மனைவி அமீருன்னிசா பேசினாள்.

"நம்ம சுல்தானாவுக்கு நிக்காஹ் பேசியிருக்கோம், டாக்டர் சாப். மாரண்டஹள்ளி வூட்டுக்கு ஒரு சீட்டுக் குடுத்தீங்களாமே, அதே மாதிரி ஒண்ணு எழுதுங்க. அதைப் பார்த்துட்டுக் குத்துறவரு வாசலோட திரும்பிட்டாராமே!"

"திரும்பிட்டாருங்க."

"அப்புறமென்ன?"

டாக்டர் பேனாவை மூடினார். "அப்புறம் அம்மை வந்துதுங்க. அது சீட்டைப் பார்க்கலை. பொண்ணு செத்துப்போச்சு."

"அல்லா! விதிதானுங்களே..."

"விதியில்லீங்க. என் கையெழுத்து."

திரை விலகி ஓர் இடது கை வெளியே நீண்டது. மங்கிய தழும்பு.

"யாரு... யாரு கை இது?"

"நான்தான், சுல்தானா. குத்தச் சொல்லுங்க."

டாக்டர் அந்த மணிக்கட்டைப் பிடித்தார். சூடாக இருந்தது. நாடி ஓடியது. சர்க்கார் ஆள் வந்து குத்தி முடிக்கும்வரை அவர் விடவில்லை. பிறகு கழுத்திலிருந்த ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே நடந்தார்.

"டாக்டர் சாப், உங்க குழாயி!" என்று ஸ்டெதாஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு கரீம் பின்னாலேயே ஓடிவந்தார்.

டாக்டர் அதை வாங்கவில்லை. வாசற்கதவோரம் அந்த முகமில்லாத கை நீண்டபடியே இருந்தது. அதைத் தொடாமல் எப்படித் தாண்டுவது என்று அவர் நின்றுகொண்டிருந்தார்.