இரண்டாவது அசை

செவிடனாக வாழ்வதற்கு உலகத்திலேயே தகுந்த ஊர் காபூல்தான் என்று இத்ரீஸ் அறிவித்தான். பல்கலைக்கழக வாசலில் இருக்கும் தேநீர்க்கடையில், முகத்தில் ஒரு கோடுகூட அசையாமல்.

"சிரிக்காதீங்கடா, ஆராய்ச்சி பண்ணிட்டுத்தான் சொல்றேன். நம்ம ஊர்ல ரெண்டு பேர் சந்திச்சா என்ன நடக்குது? சுகமா, உடம்பு எப்படி, வீட்ல சுகமா, களைப்பு அண்டாம இருக்கணும், நீடூழி இருக்கணும்னு ரெண்டு பேரும் ஒரே நேரத்துல, ஒரே மூச்சுல பேசுறாங்க. ஒருத்தன் சொல்றதை இன்னொருத்தன் கேக்குறானா? அங்க காது எதுக்கு? மூக்குக்கண்ணாடி மாட்டத்தான்."

ஆதாரத்துக்கு அவனிடம் சொந்த அண்ணனே இருந்தான். குண்டுவெடிப்பில் இரண்டு காதும் போன சமீம். முன்பு பள்ளியில் வடிவகணிதம் சொல்லிக்கொடுத்தவன், இப்போது மாமாவின் உலர்பழக் கடையில் தராசு பிடிக்கிறான். பாதாம் எத்தனை கிலோ என்பதை விரலால் காட்டிவிடலாம். மற்றதற்கெல்லாம் சமீம் தலையாட்டுவான். ஆண்களுக்குத் தாடியும் பெண்களுக்கு முக்காடும் உள்ள ஊரில் உதட்டைப் பார்த்துப் படிப்பது எழுத்தில்லாத புத்தகத்தை வாசிப்பது போல. ஆகவே தலையாட்டல். விலைக்கு ஒன்று, துக்கத்துக்கு ஒன்று, நகைச்சுவைக்கு ஒன்று. எல்லோரும் சிரித்து முடித்த பிறகு அண்ணன் தனியாகச் சிரிப்பதை இத்ரீஸ் நடித்துக் காட்டினால் கடையே உருளும்.

"போன வாரம் ஒரு ஆள் வந்து, என் மாமனார் தவறிட்டார், நாலு கிலோ திராட்சை வேணும்னு சொல்றார். இவன் நெஞ்சுல கைய வச்சு, வாழ்த்துகள், கல்யாணம் நல்லபடியா நடக்கட்டும்ங்கிறான். மாமனார் பிடிக்காதவர் போல, அவரும் நன்றி சொல்லிட்டுப் போயிட்டார்."

"பாவம்டா உங்க அண்ணன்" என்றான் ஒருவன்.

"பாவம் இல்ல, பொய்யன். கேக்கலைன்னா கேக்கலைன்னு சொல்லணும். கேக்காததுக்குத் தலையாட்டுறவன் பொய்ச்சாட்சி. எனக்கும் இடது காது போச்சு. என்னைக்காவது தலையாட்டி இருக்கேனா?"

இடது பக்கம் உட்கார்ந்திருந்தவன் ஏதோ முணுமுணுத்தான். இத்ரீஸ் முழு முகத்தையும் அவன் பக்கம் திருப்பினான். "திரும்பச் சொல்லு."

"கழுதைன்னு சொன்னேன்."

"பாத்தியா? கேட்டு வாங்கிக்கிறேன். அதுதான் நேர்மை."

ஆனால் அந்த நேர்மைக்கு எட்டாத ஓர் இடம் இருந்தது. அதைப் பற்றி மட்டும் அவன் எந்தத் தேநீர்க்கடையிலும் பேசியதில்லை.

ஒரு வருடத்துக்கு முன் மூன்று பேர் ஒரு வாடகைக் காரில் வந்தார்கள். முன்னிருக்கையில் சமீம், பின்னால் இத்ரீஸும் அவன் வகுப்புத் தோழன் பர்வேஸும். நாற்சந்தியில் தண்ணீர் லாரி ஒன்றின் பின்னால் கார் நின்றது. குண்டு வெடித்த சத்தத்தை இத்ரீஸ் கேட்கவேயில்லை. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. கனத்த பஞ்சு மெத்தையை உலகத்தின் மேல் போட்டு அமுக்கியது போல இருந்தது. பிறகு அடுப்பில் மறந்துவிட்ட கெண்டியின் கூவல். இடது காதுக்குள் அந்தக் கெண்டியை இன்றுவரை யாரும் இறக்கி வைக்கவில்லை.

பர்வேஸ் சாக்கடை ஓரமாகக் கிடந்தான். கண் திறந்திருந்தது. இத்ரீஸைப் பார்த்து உதட்டை அசைத்தான். உதடு மூடியது, வட்டமாகத் திறந்தது. முதல் அசை 'போ'. அதுவரை நிச்சயம். அந்த நொடியில் இத்ரீஸ், காது உள்ளவர்கள் காலங்காலமாகச் செய்கிற காரியத்தைச் செய்தான். குனிந்து, ரத்தம் ஒழுகுகிற காதை நண்பனின் வாயருகே கொண்டுபோனான். கேட்காத காதைக் கொடுத்துவிட்டு, பார்க்கிற கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். நிமிர்ந்தபோது உதடு நின்றிருந்தது.

தாரி மொழியில் 'போரோ' என்றுதான் சொல்லியிருப்பான். போய்விடு. இன்னொரு குண்டு இருக்கும், போ. இத்ரீஸ் போனான். நினைவில்லாமல் கிடந்த அண்ணனைத் தோளில் சாய்த்து இழுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனான். தெருமுனைக்குப் போய்த் திரும்பிப் பார்த்தபோது யாரோ தன் கம்பளிப் போர்வையைக் கழற்றி பர்வேஸை முகம்வரை மூடியிருந்தார்கள். ஒரு வருடமாக இத்ரீஸ் தூங்குவது அந்தப் 'போரோ'வைத் தலைக்கு வைத்துத்தான்.

வருட நினைவுக்கு பர்வேஸின் அம்மா, இத்ரீஸ் சித்தி என்று கூப்பிடும் ஹுமைரா, அண்ணன் தம்பி இருவரையும் கூப்பிட்டிருந்தாள். வியாழக்கிழமை மத்தியானம், இறந்தவர்களுக்கு அல்வா கிண்டும் எண்ணெய் வாசனை தெருமுனை வரை வந்தது. வாசலில் மூவரும் ஒரே மூச்சில் நலம் விசாரித்தார்கள். சமீம் வழக்கம்போல அந்தப் பரீட்சையில் முதல் மதிப்பெண் வாங்கினான்.

தட்டை முன்னால் வைத்தபடி ஹுமைரா இத்ரீஸின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்: "உங்க அண்ணனுக்கு நான் பட்ட கடன் தீராதுப்பா. நாப்பதாம் நாள் வந்தப்ப கேட்டேன், எம் புள்ள கடைசியா என்னைக் கூப்பிட்டானான்னு. கூப்பிட்டான்னு தலையாட்டினான். அந்த ஒரு தலையாட்டல வச்சுத்தான் இந்த வருசத்தை ஓட்டினேன்."

எதிரே சமீம், இருவரும் தன்னைப் பார்ப்பதைப் பார்த்து, நெஞ்சில் கை வைத்துத் தலையாட்டினான். துக்கத்துக்கான ஆட்டல். எந்தக் கேள்விக்கு எதைக் கொடுத்தோம் என்று அவனுக்குத் தெரியாது.

சித்தி, இவன் முன்னாடி உக்காந்திருந்தான், நினைவே இல்ல, நீங்க கேட்டது இவன் காதுல விழவும் இல்ல. சொற்கள் வரிசையாக, இலக்கணச் சுத்தமாக இத்ரீஸின் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றன. அல்வாவை ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டான்.

அவள் அவனுக்கு இடது பக்கமாக வந்து உட்கார்ந்தாள். முக்காட்டின் நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு என்னவோ கேட்டாள். கெண்டி கூவியது. ஒரு சொல்லும் விழவில்லை.

திரும்பினான். துணிக்கு மேலே கண்கள் மட்டும். திரும்பச் சொல்லுங்க சித்தி என்று சொல்ல வேண்டும். அது வாயிலேயே இருந்தது. ஆனால் கேட்டது என்ன என்று தெரிந்துபோயிற்று: எப்போதும் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டானா. அந்த வீட்டில் நான்கு பிள்ளைகள். மூன்று பேர் அம்மாவை எல்லோரையும் போல 'மாதர்' என்றார்கள். பர்வேஸ் மட்டும் மீசை முளைத்த பிறகும் பழைய காபூல்காரர்கள் மாதிரி 'போபோ' என்பான். என் போபோ கிண்டின அல்வா, என் போபோ பின்னின காலுறை. பால்குடி என்று அதற்காக அவனை வகுப்பில் எத்தனையோ முறை நாறடித்திருக்கிறான் இத்ரீஸ்.

போபோ. அதற்கும் முதலில் உதடு மூடும், வட்டமாகத் திறக்கும்; இரண்டாவது அசையில்தான் வேறுபாடு, 'போரோ'வுக்கு உதடு மறுபடி மூடாது.

அதுதான் என்றால், அன்றைக்கு யாரும் இத்ரீஸைப் போகச் சொல்லவில்லை.

ஹுமைரா காத்திருந்தாள். இத்ரீஸ் தலையாட்டினான்.

ஒரு முறைதான், மெதுவாக. அவள் முக்காட்டை வாயிலிருந்து எடுத்தாள். யாரையும் பார்க்காமல், அல்வாவிலிருந்து எழுந்த ஆவியைப் பார்த்து, சத்தமாகவோ சத்தமில்லாமலோ, அந்தச் சொல்லைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இத்ரீஸ் இம்முறை குனியவில்லை. கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். உதடு மூடியது, வட்டமாகத் திறந்தது, மறுபடியும் மூடியது.