நாள் தள்ளிப் போயிருக்கு

1

இந்தக் கதை ஒரு போன் பேச்சிலிருந்து வந்தது. ஒரு நிமிஷம்கூட இருக்காது. பேசியது இரண்டே பேர். ஒருவர் மூட்டுவாத கிளினிக்கில் போன் எடுக்கும் சிஸ்டர், இன்னொருவர் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மறைத்துப் பார்த்துவிட்டேன். 'அவள்' என்று ஒருத்தியை உருவாக்கி, அவளுக்கு ஒரு தையல் மிஷின் வாங்கிக் கொடுத்து, நாலு பக்கம் ஓட்டினேன். நன்றாகத்தான் தைத்தாள். ஆனால் அவளுக்கு எங்கேயும் வலிக்கவே இல்லை. அவளை அனுப்பிவிட்டு நானே வந்திருக்கிறேன்.

எனக்கு அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. பாடப்புத்தகம், நோட்டீஸ், மிக்ஸிக்குள் கையை விடாதீர்கள் என்று சொல்லும் கையேடு, எதுவானாலும் என் மேஜையைத் தாண்டித்தான் மிஷினுக்குப் போகும். நான்கு வருடமாக முடக்குவாதம். ரூமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்று ஃபைலில் எழுதியிருக்கிறது. காலையில் எழுந்தால் விரல்கள் என் பேச்சைக் கேட்காது. பத்து மணிக்கு மேல் மனமிரங்கி ஒவ்வொன்றாக வரும்.

ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். இந்தக் கதையில் சதுர அடைப்புக்குள் இருப்பதெல்லாம் நான் குறுக்கே கோடு போட்டு அடித்தது. அடித்ததை அழிக்கக் கூடாது என்பது எங்கள் அச்சகத்துப் பழக்கம். ஒரே ஒரு கோடு போட வேண்டும், அடியில் என்ன இருந்தது என்று படிக்கத் தெரிய வேண்டும். பிறகு மனசு மாறலாம், இல்லையா? மாறினால், அடித்த சொல்லுக்குக் கீழே வரிசையாகப் புள்ளி வைத்து, ஓரத்தில் 'இருக்கட்டும்' என்று எழுதுவோம். அதோடு அந்தக் கோடு செல்லாது.

சில வாக்கியங்கள் பாதியில் நிற்கும். அது என் பாணி என்று நினைத்துவிடாதீர்கள். கை வீங்கிவிட்டால் பென்சிலைக் கீழே வைத்துவிடுவேன், அவ்வளவுதான்.

2

ஆரம்பங்கள்:

[அந்த வெள்ளிக்கிழமை வானம் மந்தமாக இருந்தது.] வானத்தை யார் பார்த்தார்கள்?

[தாய்மை என்பது] இப்படி ஆரம்பித்த எதையும் நான் இரண்டாவது வரிக்குமேல் படித்ததில்லை.

[பற்பசை மூடியைத் திறக்க முடியாத ஒருத்தி, ஓர் உயிரை எப்படி]

சரி, மாத்திரையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். மெத்தோட்ரெக்ஸேட். தினமும் அல்ல, வாரத்துக்கு ஒரே நாள், ஆறு மாத்திரை. என் நாள் புதன். மாத்திரையைக் கொடுத்த அன்றே மூட்டு டாக்டரம்மா தெளிவாகச் சொன்னார்.

"இதைப் போடுற வரைக்கும் குழந்தை கூடாது. வேணும்னு தோணுச்சுன்னா முன்னாடியே வந்து சொல்லுங்க. மாத்திரையை மாத்திட்டு, சில மாசம் விட்டு, அப்புறம்தான். சரியா?"

நான் தலையாட்டினேன். பக்கத்தில் வீட்டுக்காரரும் ஆட்டினார். தலையாட்டுவதில் நாங்கள் நல்ல ஜோடி.

கவனமாகத்தான் இருந்தோம். [ஒரே ஒரு தடவை] இதற்கு மேல் உங்களுக்குச் சொல்வதற்கில்லை.

3

எனக்கு மாதாமாதம் கடிகாரம் மாதிரி வந்துவிடும். அந்த மாதம் வர வேண்டிய நாளும் ஒரு புதன்கிழமை. வரவில்லை. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஆறு மாத்திரையையும் உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தேன், எதற்கும் இருக்கட்டும் என்று திரும்ப டப்பாவில் போட்டேன். வியாழனும் வரவில்லை. வெள்ளிக்கிழமை காலை அச்சகத்திலிருந்து கிளினிக்குக்குப் போன் செய்தேன்.

எங்கிருந்து செய்தேன் என்பது முக்கியம். காகித ரீம் அடுக்கியிருக்கும் நடைவழியில் நின்றேன். கை நீட்டினால் தொடும் தூரத்தில் லே-அவுட் அண்ணன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். தங்கமான மனிதர், ஆனால் அவர் காது எல்லாப் பக்கமும் திரும்பும். அவர் இருக்கும்போது என்னென்ன சொல்லலாம், எதையெல்லாம் சொல்லக் கூடாது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஆனாலும் தெரியும். அதனால் நம்மில் எல்லாரும் சொல்கிற மாதிரி, மரியாதையாகச் சொன்னேன்.

"சிஸ்டர், வாராவாரம் மெத்தோட்ரெக்ஸேட் போடுற பேஷண்ட் பேசுறேன். எனக்கு நாள் தள்ளிப் போயிருக்கு."

"எத்தனை நாளும்மா?"

"ரெண்டு நாள்."

"உங்க நாள் எப்போ, புதனா?"

"ஆமா சிஸ்டர், புதன்."

"ரெண்டு நாள்தானே. ஒண்ணும் பயமில்ல. இன்னைக்கே போட்டுக்கோங்க."

"போடலாமா?"

"தாராளமா போடுங்க. அடுத்தது வழக்கம்போல புதன். ரெண்டு வாரத்துதையும் சேர்த்துப் போட்டுடாதீங்க, என்ன?"

"சரி சிஸ்டர்."

அன்று ராத்திரி ஆறு மாத்திரையையும் போட்டேன். திங்கட்கிழமை பரிசோதனைக் குச்சியில் இரண்டு கோடு.

(அடிக்குறிப்பு: இந்த உரையாடல் எனக்குத் திருத்த வந்திருந்தால், 'நாள்' என்ற சொல்லைச் சுற்றி வட்டம் போட்டு, ஓரத்தில் 'எது?' என்று எழுதியிருப்பேன். பத்து வருடமாக மற்றவர்கள் வாக்கியத்தில் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். அதற்குத்தான் சம்பளம்.)

4

இப்போது எனக்குப் பெரிய தலைவலி போன் சிஸ்டர்தான். கதாபாத்திரமாகச் சொல்கிறேன்.

முதல் வரைவில் அவரைக் கடுகடு என்று வைத்தேன். ஒரு கையில் போன், மறு கையில் நெயில் பாலிஷ். வாசகர்கள் உடனே வெறுப்பார்கள், எனக்கும் வசதி. இரண்டாவது வரைவில் அவருக்கு இரண்டு நாளாகத் தூக்கமில்லை, வீட்டில் யாருக்கோ காய்ச்சல். வாசகர்கள் மன்னிப்பார்கள். எனக்கு அதுவும் பிடிக்கவில்லை.

நிஜத்தில் அவர் எப்படி? குச்சியை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்கு ஓடியபோது பார்த்தேன். குள்ளமாக, மூக்கில் இறங்கிய கண்ணாடியோடு இருந்தார். அவர் மேஜைக்கு ஒரு நாளைக்கு இருபது பேர் போன் செய்து, மாத்திரை நாளை மறந்துவிட்டேன், நாள் தவறிவிட்டது, தள்ளிப் போய்விட்டது என்கிறார்களாம். அவருக்கு நாள் என்றால் மாத்திரை நாள்தான். பிரசவ வார்டில் இருந்திருந்தால் வேறு நாள் காதில் விழுந்திருக்கும்.

குச்சியைப் பார்த்து, என் குரலையும் கேட்டதும் எழுந்துவிட்டார். "ரெண்டு நாள்னு சொன்னது நீங்கதானாம்மா?" என்று என் கையைப் பிடித்தார். வீங்கிய கையை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று தெரிந்த பிடி. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. எது முதலில் வந்தது என்று இன்னும் தெரியவில்லை.

அடுத்த முறை போனபோது, போனுக்கு மேலே ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'எந்த நாள் என்று கேட்கனும்.' கேட்கணும் என்று இருக்க வேண்டும். பையிலிருந்து பென்சிலை எடுத்துவிட்டேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்ப உள்ளே வைத்துவிட்டேன்.

5

[இந்தப் பகுதியில் நான் அழுகிறேன். மூன்று பக்கம்.]

6

மூட்டு டாக்டரம்மா என் மருந்துச் சீட்டைத் திருத்தியது என்னைவிடச் சுத்தமான வேலை. மெத்தோட்ரெக்ஸேட்டுக்குக் குறுக்கே ஒரே கோடு. இன்னொன்றைக் காட்டி, "இது இருக்கலாம், வயித்துல பிள்ளை இருந்தாலும் கொடுக்கிறதுதான்" என்று டிக் போட்டார். போலிக் ஆசிட் அளவைக் கூட்டினார்.

"இனிமே கேக்காம எதையும் போடாதீங்க. கேக்காம எதையும் நிறுத்தவும் செய்யாதீங்க."

"கேட்டுட்டுத்தான் டாக்டர் போட்டேன்."

அவர் பேனாவை மூடி மேஜையில் வைத்தார். பிறகு சொன்னார். "அந்த ஒரு வெள்ளிக்கிழமையை மட்டும் பிடிச்சுத் தொங்காதீங்க. அதுக்கு முந்தின வாரங்கள்ல போட்டதும் உடம்புலதான் இருந்துச்சு. ஒண்ணுமே ஆகாம நல்லபடியா பிறந்த குழந்தைங்க நிறைய. கரு கலைஞ்சும் போயிருக்கு, தலையிலயோ கை காலிலயோ குறையோட பிறந்தும் இருக்கு. உங்களுக்கு எதுன்னு இப்போ என்னால சொல்ல முடியாது."

"எப்போ முடியும்?"

"அஞ்சாம் மாசம் பெரிய ஸ்கேன் எடுப்போம். ஓரளவு தெரியும்."

"ஓரளவுன்னா?"

"ஓரளவுதான்மா. தொடரணுமா வேண்டாமான்னு நீங்க ரெண்டு பேரும் பேசுங்க. எது முடிவு பண்ணாலும் நான் இருக்கேன்."

வீட்டுக்காரர் லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவர். எந்தப் பிரச்சினையையும் மாடிக் கணக்கில்தான் யோசிப்பார். அன்று வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுகொண்டு சொன்னார்.

"நீ சொன்னதும் சரி, அவங்க புரிஞ்சுக்கிட்டதும் சரி. ரெண்டு மாடிக்கு நடுவுல மாட்டிக்கிச்சு. இதுல யாரைப் போய்த் திட்டுறது?"

"இப்போ என்னங்க பண்றது?"

"நீ சொல்லு."

"நீங்க சொல்லுங்க."

"உன் உடம்பு. நீதான் சொல்லணும்."

"நான் சொன்னதாலதானே இப்படி ஆச்சு? நீங்க சொல்லுங்க."

இப்படியே வாரங்கள் போயின. வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வேண்டும் என்றும் சொல்லவில்லை. ஒருநாள் அவர் துணி மடித்துக்கொண்டே, தானாகவே அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அதைத்தான் முடிவு என்று சொல்ல வேண்டுமானால் சொல்லிக்கொள்ளுங்கள்.

7

இங்கே கொஞ்சம் நிறுத்த வேண்டும். உங்களிடம் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன்.

கை வீங்குவதால் வாக்கியம் பாதியில் நிற்கிறது என்றேன். என் கை கடைசியாக வீங்கி இரண்டு மாதம் ஆகிறது. மூன்றாம் மாதம் முடிந்ததும் விரல்கள் ஒவ்வொன்றாக இளகின. சில பேருக்கு வயிற்றில் பிள்ளை இருக்கும்போது இந்த வலி தணியும், பிறந்த பிறகு திரும்பலாம் என்று டாக்டரம்மா சொன்னார். இப்போது பற்பசை மூடியைத் திறக்கிறேன். ஈரத்துணியைப் பிழிகிறேன். ஒரே மூச்சில் பதினாறு பக்கம் திருத்துகிறேன், லே-அவுட் அண்ணன் வாயைப் பிளக்கிறார். உள்ளே இருப்பது எனக்கு விரல்களைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது. நான் அதற்கு ஆறு மாத்திரை கொடுத்தேன்.

ஆக, வலி இல்லை. முடிக்கத்தான் முடியவில்லை. அந்தப் போன் பேச்சில் ஒரு இடம் இருக்கிறது, மறுபடி பாருங்கள். 'அடுத்தது வழக்கம்போல புதன்' என்கிறாரே சிஸ்டர். மாதாமாதம் வருவதற்கு அடுத்த புதன் ஏது? அந்த இடத்தில் நான்

அந்த இடத்தில் எனக்குப் புரிந்து

[புரியவில்லை. லே-அவுட் அண்ணன் என்னவோ கேட்டார், கவனம் சிதறிவிட்டது.]

[புரிந்தது. இவர் மாத்திரையைச் சொல்கிறார் என்று தெரிந்தது. ஆனால் திருத்திச் சொல்ல வேண்டுமானால் 'மாதவிலக்கு' என்ற சொல்லை அங்கே, அந்த நடைவழியில் உரக்கச் சொல்ல வேண்டும்.]

[புரிந்தது. அன்று காலை பென்சில் மூன்று முறை கையிலிருந்து விழுந்திருந்தது. எனக்கு மாத்திரை வேண்டியிருந்தது. யாராவது போடு என்று சொல்ல வேண்டியிருந்தது. சொன்னார்கள்.]

மூன்றையும் அடித்திருக்கிறேன். எதற்குக் கீழே புள்ளி வைப்பது என்று சத்தியமாகத் தெரியவில்லை. நான் என்ன நினைத்தேன் என்பது எனக்கே இரண்டு நாள் தள்ளித்தான் வந்து சேர்கிறது. வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லவில்லை. 'யாரைப் போய்த் திட்டுறது' என்று அவர் கேட்டபோது, என்னை என்று சொல்லியிருக்கலாம்.

8

முடிவுகள். பெரிய ஸ்கேன் நாளைக் காலை பத்தரை மணிக்கு.

முதல் முடிவில் எல்லாம் நன்றாக இருக்கிறது. வீட்டுக்காரர் அந்தப் படத்தை டூல் பெட்டியின் மூடிக்குள் ஒட்டிக்கொள்கிறார். எழுதிப் பார்த்தேன். எழுத எழுத, கண் வைக்கிறேனோ என்று பயம் வந்துவிட்டது.

இரண்டாவதில் ஸ்கேன் எடுப்பவர் ஒரே இடத்தில் கருவியை ரொம்ப நேரம் வைத்து அழுத்துகிறார். திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொள்கிறார். அதை எழுத

மூன்றாவதில் ஸ்கேன் ஓரளவு சொல்கிறது. ஓரளவு சொல்லாமல் விடுகிறது. நாங்கள் பழையபடி தலையாட்டிக்கொண்டு வீட்டுக்கு வருகிறோம். இதுதான் நடக்கும் என்று தோன்றுகிறது. ஆனால் இதைக் கதை என்று யார் ஒப்புக்கொள்வார்கள்?

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே வீட்டுக்காரர் டீயோடு வந்தார். லிஃப்ட் பராமரிப்பு அட்டையைத் தவிர எதையும் படிக்காத மனிதர், என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். ஏழாம் பகுதித் தாள் மேலேயே கிடந்தது. மறைக்கக் கை போனது. நல்ல கை, சட்டென்று போனது. மறைக்காமல் கையை எடுத்துவிட்டேன்.

படித்தார். மூன்று அடைப்பையும் விரல் வைத்துப் படித்தார். டீ ஆறியது.

"இதுல எது நிஜம்?"

"தெரியல."

"சரி." தாளை அடுக்கி வைத்தார். ஆறிய டீயை எடுத்துக்கொண்டே, "நாளைக்கு நானும் உள்ள வரேன். கையைக் காலைக் காட்டுனா நாம ரெண்டு பேரும் விரலை எண்ணலாம். ஒருத்தர் விட்டாலும் இன்னொருத்தர் பிடிச்சுக்கலாம்" என்றார்.

இதற்குப் பெயர் மன்னிப்பா, கோபமா, பயமா என்று எனக்குப் பிடிபடவில்லை. அச்சகத்தில் முக்கியமான தாளை இரண்டு பேர் சேர்ந்துதான் பார்ப்போம். ஒருவர் வாசிக்க, மற்றவர் சரிபார்ப்பார். அதை இவரிடம் எப்போதோ சொல்லியிருக்கிறேன் போல.

கடைசி வாக்கியம் எழுதியாகிவிட்டது. எழுதியதும் அடித்துவிட்டேன், நாளை நடக்க வேண்டியதை இன்றைக்கே அச்சுக்கு அனுப்ப எனக்கு உரிமை இல்லை. ஆனால் ஒரே கோடுதான் போட்டிருக்கிறேன், படிக்கத் தெரியும். கீழே புள்ளி வைக்க ஒரு வரி இடமும் விட்டிருக்கிறேன். என் பென்சிலை நான் பைக்குள் வைத்துவிட்டேன். உங்களிடம் ஒன்று இருக்குமானால்

[திரையில் ஒரு கை விரிந்தது. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து, சத்தமாக, ஐந்து வரை எண்ணினோம்.]