ஏழாம் நம்பர் குழி

வியாழக்கிழமை மாலை மூன்றரை மணிக்கு வேனுக்குள் உட்கார்ந்து போட்டோக்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தபோதுதான் பார்த்தேன். ஆறாம் நம்பர் இரண்டு முறை இருந்தது. ஏழாம் நம்பர் இல்லவே இல்லை.

ஜப்பானில் சாலை வேலை பார்க்காதவர்களுக்கு இது ஒரு விஷயமாகவே தோன்றாது. எங்களுக்கு இதுதான் எல்லாம். தாருக்குக் கீழே போடும் ஜல்லியை, மூடுவதற்கு முன்னால், இருபது மீட்டருக்கு ஒரு இடத்தில் குழி தோண்டி, அளவுகோலை நிறுத்திப் படம் எடுக்க வேண்டும். பக்கத்தில் ஒரு ஆள் சின்னக் கரும்பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். தேதி, இடம், நம்பர், கனம் எல்லாம் அதில் சாக்பீஸால் எழுதியிருக்கும். தார் மூடிய பிறகு யாரும் உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. படம் இருந்தால் வேலை செய்ததாக அர்த்தம். இல்லாவிட்டால், மலையையே பெயர்த்து வைத்திருந்தாலும் செய்யவில்லை என்றுதான் அர்த்தம். ஏழாம் நம்பர் இடத்தில் புதன்கிழமையே தார் போட்டு உருட்டியாகிவிட்டது.

இரண்டு படத்திலும் முரோகா-சான்தான் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அறுபத்தாறு வயது, ரோலர் ஓட்டுபவர். முதல் படத்தில் அவருக்குப் பின்னால் சிமெண்ட் சுவர். இரண்டாவதில் பழுத்துத் தொங்கும் பெர்சிமன் மரம். இடம் வேறு என்று குழந்தைகூடச் சொல்லும். அரசு அலுவலகத்தில் சோதனை பார்க்கும் அதிகாரிக்கு போன் செய்து மரத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "மரத்துக்கு நம்பர் கிடையாதே, இசெகி-சான்" என்று வருத்தமாகச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குச் சாலையைத் திறப்பதாக ஓகுதானி கிராமத்துக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். மூன்று வாரமாக அவர்களுடைய ஆஸ்பத்திரி வேன் மலையைச் சுற்றி ஐம்பது நிமிடம் அதிகமாகப் போகிறது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. வேன் கதவை அடித்துச் சாத்திவிட்டு இறங்கினேன்.

முரோகா-சான் ரோலரின் உருளையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பலகையில நம்பர மாத்தணும்னு தெரியாதா? நாப்பது வருஷமா என்ன வேலை பாக்குறீங்க? கையில என்ன புடிச்சிருக்கோம்னுகூடப் பாக்க மாட்டீங்களா?"

எல்லோருக்கும் கேட்கும்படிதான் கத்தினேன். பொக்லைன் ஓட்டும் குஜி தலையைக் குனிந்துகொண்டான். கொடி காட்டும் சுகயா-சான் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முரோகா-சான் தொப்பியைக் கழற்றினார்.

"சரி. தோண்டிடலாம்" என்றார். அவ்வளவுதான்.

"எதுக்குத் தோண்டணும்?" என்றான் குஜி. "ஓரத்துல ஒரு குழி போட்டு, ஏழுன்னு எழுதி எடுத்துட்டுப் போயிடலாம். யாருக்குத் தெரியப் போகுது?"

"ஓரத்துல கெடக்கறது நான் போட்ட ஜல்லி இல்லப்பா" என்றார் முரோகா-சான்.

எங்கள் கம்பெனிக்குச் சொல்லாமல் புதுத் தாரை வெட்ட முடியாது. மேனேஜர் தனிகாவாவுக்கு போன் செய்தேன். அவர் முதலில் கேட்டதே, "யாரு பண்ணது?"

"பலகைய முரோகா-சான் புடிச்சிருந்தாரு."

"வயசாயிடுச்சுல்ல. நானும் யோசிச்சிட்டேதான் இருந்தேன். திங்கக்கிழமை அடுத்த சைட்டுக்கு ரோலருக்கு வேற ஆள் அனுப்பறேன். அவர வீட்ல இருக்கச் சொல்லிடு."

"சரி" என்றேன். இப்போதும் அந்தச் சொல்லை நினைத்தால் கூசுகிறது. அன்றைக்கு நாக்கில் சுலபமாக வந்தது. வீட்டில் இருக்கச் சொல் என்று அவர் சொன்னதை மட்டும் முரோகா-சானிடம் சொல்ல வாய் வரவில்லை. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை ஏழே முக்காலுக்கு வழக்கம்போல வட்டமாக நின்றோம். வேலை தொடங்கும் முன் ஒவ்வொருவரும் அன்றைக்கு என்ன ஆபத்து என்று ஒன்று சொல்ல வேண்டும். பிறகு எல்லோரும் விரலை நீட்டி "சரி!" என்று கத்த வேண்டும். குஜி, வெட்டும் மெஷின் தெறிக்கும் என்றான். விரலை நீட்டிக் கத்தினோம். முரோகா-சான், ஈரத்தில் கால் வழுக்கும் என்றார். கத்தினோம்.

சுகயா-சான் கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். "இன்னைக்கு ஆபத்து, சூப்பர்வைசர் கையில இருக்கற சாக்பீஸ்."

யாரும் விரலை நீட்டவில்லை.

"என்ன சொல்றீங்க?"

"செவ்வாக்கிழமை தூறல். முரோகா-சான் கையுறை ஈரமா இருக்குன்னு நீங்கதான பலகைய வாங்கி எழுதினீங்க? ஆறு எழுதி எடுத்தீங்க. அப்புறம் மரத்துக்கிட்ட போய்த் துணியால தொடைக்கப் போனீங்க. போன் வந்துச்சு. போன் பேசிக்கிட்டே பலகைய அவர் கையில திணிச்சீங்க. கொடி புடிக்கறவளுக்குக் கண்ணும் இருக்கு, சூப்பர்வைசரே."

வேனுக்குப் போனேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நான் இடதுகைக்காரன். என் வரிகள் எப்போதும் மேல்நோக்கி ஏறும். அப்படியே ஏறியிருந்தன. போனில் வந்தவர் தனிகாவாதான். வெள்ளிக்கிழமை முடிந்துவிடுமா என்று கேட்பதற்காக.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. பலகையைப் பிடிப்பவருக்கு அதன் முதுகுதான் தெரியும். எழுத்து கேமராவைப் பார்த்து இருக்கும். கேமராவுக்குப் பின்னால் நின்றது நான்.

இறங்கிப் போய் முரோகா-சான் முன்னால் நின்றேன். எல்லோரும் கேட்கத்தான் சொன்னேன். "நான்தான் எழுதினேன். மன்னிச்சிடுங்க." இடுப்பு வரை குனிந்தேன். "நேத்தே ஏன் சொல்லல?"

"நீங்க சத்தம் போட்டுட்டு இருந்தீங்க. நானும் வாயத் தொறந்தா ரெண்டு சத்தமாயிடும்." ரோலர் பக்கம் திரும்பினார். "நேரமாச்சு. வெட்டலாம்."

குஜி கட்டரை இழுத்துவந்தான். இரண்டு நாள் வயதான தார், கண்ணாடி மாதிரி உருட்டியது, அதில் கத்தி இறங்கியபோது எனக்குப் பல் கூசியது. ஒரு சதுரம் வெட்டி எடுத்தோம். கீழே ஜல்லி அசையாமல் உட்கார்ந்திருந்தது. கடப்பாரை இறங்க மறுத்தது. குழிக்குள் அளவுகோலை நிறுத்தினோம். தேவை பதினைந்து சென்டிமீட்டர். பதினாறு இருந்தது.

பலகையில் ஏழு எழுதினேன். கொடுக்கும் முன் அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்தார். "ஏழு." பிறகு வாங்கி, முதுகைத் தன் பக்கம் வைத்துப் பிடித்துக்கொண்டார். எடுத்தேன்.

மதியம் சோற்று உருண்டையைப் பிரித்து வைத்துவிட்டு, தின்னாமல், தனிகாவாவுக்கு போன் செய்தேன். எழுதியது நான் என்றேன். உங்கள் போன் வந்தபோதுதான் என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

"அப்படியா?" என்றார். "ஆனா புது ஆள வரச் சொல்லிட்டேனே, இசெகி. முரோகாவுக்கு வயசாகிடுச்சுங்கறதும் பொய் இல்லையே. பாக்கலாம்."

"பதினாறு சென்டிமீட்டர் இருந்துச்சு" என்றேன். அவர் ஏற்கெனவே வைத்துவிட்டிருந்தார்.

ஒட்டுப் போட்டு, உருட்டி, ஆறவிட்டு, நாலே காலுக்குச் சாலையைத் திறந்தோம். சுகயா-சான் கொடியைச் சுருட்டினாள். முதலில் வந்தது ஆஸ்பத்திரி வேன். ஓட்டுநர் கையை உயர்த்தினார். சதுரத்தின் விளிம்பில் முன் சக்கரம் டக் என்றது. பின் சக்கரம் டக் என்றது. நானூறு மீட்டர் சாலையில் அந்த ஒரு இடம்தான். நானும் தினமும் இந்த வழியாகத்தான் வீட்டுக்குப் போகிறேன்.

ரோலரை நிறுத்திவிட்டு முரோகா-சான் இருக்கையில் கட்டியிருந்த குஷனின் கயிற்றில் கை வைத்தார். நீலத் துணி, நடுவில் தட்டையாகிப்போயிருந்தது. ஒரு சைட் முடிந்து அடுத்த சைட்டுக்கு ரோலர் லாரியில் ஏறும்போதும் அது அதிலேயேதான் போகும்.

"மேனேஜர் வேற ஆள் அனுப்பறாராமே. ஆபீஸ்ல யாரோ சொன்னதா குஜி சொன்னான்." அவர் என்னைப் பார்க்கவில்லை. "இத எடுத்துட்டுப் போகட்டுமா, விட்டுட்டுப் போகட்டுமா?"

"விட்டுட்டுப் போங்க."

கயிற்றிலிருந்து கையை எடுத்தார். தொப்பியைத் தொட்டுவிட்டு, தன் காரை நோக்கி நடந்தார்.

அவர் கார் ஒட்டைத் தாண்டும் சத்தம் கேட்டது. டக். டக். தூறல் ஆரம்பித்தது. குஷன் நனைந்துகொண்டிருந்தது. மூடுவதற்குக் கையில் வேறொன்றும் இல்லை. பலகையை எடுத்து அதன்மேல் படுக்கவைத்தேன். எழுத்துப் பக்கம் மேலே இருந்தது. துளிகள் ஏழின்மேல் விழ, சாக்பீஸ் மெல்ல வெள்ளைத் தண்ணீராகி, நான் எழுதும் வாக்கிலேயே சரிந்து ஓட ஆரம்பித்தது.