பத்தொன்பது மதிப்பெண்

பெற்ற பிள்ளைக்காகப் பொய் சொல்லாத தாய் எங்காவது இருந்தால் காட்டுங்கள், பார்க்கலாம். ஆனால் பரீட்சையில் தேறிவிட்டு, தேறவில்லை என்று பொய் சொன்ன தாயை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஒருத்தி இருக்கிறாள். பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை. அவள் மடித்த விரிப்பில் விளிம்பு விளிம்போடு பொருந்தி நிற்கும் என்பதால் அங்கே அவளுக்கு மடிப்பக்கா என்று பேர். மேற்பார்வையாளர்கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

மடிப்பக்கா எட்டாம் வகுப்போடு நின்றவள். புருஷன் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷமாகிறது. இருப்பது ஒரே மகள், பத்தொன்பது வயது. நல்ல புத்திசாலிப் பெண், ஆனால் பத்தாம் வகுப்புக் கணக்கில் இரண்டு தடவை கவிழ்ந்துவிட்டாள். வீட்டில் தண்ணீர் பட்ட பாடாகக் கணக்குப் போடுவாள். பரீட்சை மண்டபத்தில் கேள்வித்தாளைத் தொட்டதும் கை சில்லிட்டுப்போகும். எழுதியதையெல்லாம் தானே அடித்துவிட்டு வந்து உட்காருவாள். இரண்டாவது தடவை முடிவு வந்தபிறகு நான்கு நாள் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாள்.

ஐந்தாம் நாள் தாய்க்குப் பொறுக்கவில்லை.

"எழுந்திரு. நானும் எழுதுறேன். ரெண்டு பேரும் சேந்து போவோம்."

"நீயா? உனக்கு வகுத்தலே வராதேம்மா."

"வராதுல்ல? அப்ப நீ சொல்லிக் குடு."

மகள் நான்கு நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள்.

மருந்துக்கடைக்கு மேலே ஒரு கல்வி மையத்தில் பெரியவர்களுக்கான மாலை வகுப்பு நடந்தது. இரண்டு பேரும் அதில் சேர்ந்தார்கள். மையத்து டீச்சர் பாடம் நடத்தும்போது மடிப்பக்காவுக்கு ஒரு எழவும் புரியாது. வீட்டுக்கு வந்ததும்தான் உண்மையான வகுப்பு. மகள் சமையல் மேடையில் சாய்ந்து நின்றுகொண்டு, ஒரே விஷயத்தை ஏழு விதமாகச் சொல்லுவாள். அலுக்கவே மாட்டாள். தாய்க்காக ஒரு நோட்டே எழுதினாள், எழுத்துகளைப் பெரிது பெரிதாகப் போட்டு.

a, b என்று வந்த இடத்தில் மடிப்பக்கா முரண்டு பிடித்தாள். "எண்ணுக்கு நடுவுல எழுத்து எதுக்குடி வருது?" மகள் போய் ஒரு பழைய விரிப்பைக் கொண்டுவந்து தரையில் சதுரமாகப் போட்டாள். நடுவை விட்டு ஒதுக்கி, குறுக்கே ஒரு மடிப்பு, நெடுக்கே ஒரு மடிப்பு எடுத்து மறுபடி விரித்துக் காட்டினாள். விரிப்பு நான்கு துண்டாகத் தெரிந்தது.

"இந்தப் பெரிய சதுரம் a-யோட வர்க்கம். இந்தச் சின்னச் சதுரம் b-யோட வர்க்கம். மீதி?"

மடிப்பக்கா குனிந்து பார்த்தாள். இருபது வருஷமாக விரிப்பு மடிக்கிற கண் அது. "ரெண்டு ஓரமும் ஒரே அளவு. ஒண்ணு படுத்திருக்கு, ஒண்ணு நின்னுட்டிருக்கு."

"அதான்மா ரெண்டு ab!"

அட, இவ்வளவுதானா என்று வாயைப் பிளந்தாள் தாய். அன்றிலிருந்து மகளை டீச்சரம்மா என்றே கூப்பிட்டாள். "டீச்சரம்மா, குளிக்கப் போகலாமா?", "டீச்சரம்மா, கொஞ்சம் உப்பு எடு." மகள் பொய்க்கோபம் காட்டுவாள், ஆனால் முகம் மலர்ந்துவிடும்.

பரீட்சை நடந்தது. முடிவு மடிப்பக்காவின் கைப்பேசிக்குத்தான் வந்தது, இரண்டு பேருக்கும் அந்த ஒரே எண்ணைக் கொடுத்திருந்தார்கள். சலவைக்கூடத்து இஸ்திரி உருளைக்குப் பக்கத்தில், ஆவிக்கு நடுவே நின்று படித்தாள். கணக்கில் முப்பத்தைந்து எடுத்தால் தேர்ச்சி. மகளுக்கு இருபத்தொன்று. தனக்கு நாற்பத்துமூன்று, மற்றப் பாடங்களிலும் தேர்ச்சி.

ஐயோ, இதையா நான் கேட்டேன்! விளையாட்டுத் துணைக்குப் போனவள் பந்தயத்தில் ஜெயித்துவிட்டாளே! எட்டாவது படித்த அம்மா தேறிவிட்டாள், நீ தேறவில்லை என்று அந்தப் பெண்ணிடம் எந்த வாயால் சொல்வது? மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டால்? யோசித்து நிற்க நேரமில்லை, விரிப்புகள் வந்துகொண்டே இருந்தன. தன் முடிவு வந்த செய்தியை அழித்தாள்.

வீட்டுக்கு வந்து சொன்னாள். "உனக்கு இருபத்தொண்ணு. எனக்குப் பத்தொன்பது. உன்னைவிட நான்தான் மக்கு, போ."

மகள் சிரிப்பாள் என்று நினைத்தாள். மகள் சிரிக்கவில்லை.

"பத்தொன்பதா? உனக்கா?"

"ஆமாண்டி."

"விரிப்புக் கணக்கு வந்துச்சே. சரியா போட்டேன்னு சொன்னியே."

"தப்பாப் போட்டிருப்பேன்."

அவ்வளவுதான். மறுநாள் மகள் எல்லா நோட்டுகளையும் பழைய காகிதக்காரனுக்குப் போட்டாள், தாய்க்கு எழுதிய பெரிய எழுத்து நோட்டையும் சேர்த்து. மாலை வகுப்புப் பக்கமே போகவில்லை. "எனக்கும் அங்கேயே வேலை கேளும்மா" என்றாள். அடுத்த வாரமே சலவைக்கூடத்தில் ஈரத்துணி வண்டி தள்ளத் தொடங்கினாள். சுவரைப் பார்த்துப் படுக்கவில்லையே என்று மடிப்பக்கா நிம்மதிப்பட்டாள், பாவி. மையத்திலிருந்து இரண்டு தடவை அழைப்பு வந்தது. குட்டு உடைந்துவிடுமோ என்று இரண்டையும் எடுக்காமல் விட்டாள்.

நான்கு மாதம் கழித்து, சான்றிதழ் வந்திருக்கிறது என்று செய்தி வந்தது. அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு மத்தியானம் திருட்டுத்தனமாகப் போனாள். வாங்கிக்கொண்டு ஓடி வந்துவிடலாம் என்று நினைப்பு. மையத்து டீச்சர் விடவில்லை.

"எங்க உங்க பொண்ணு? ஆளையே காணோமே. ரெண்டு தடவை கூப்பிட்டேன்."

"வேலைக்குப் போகுதுங்க."

"அப்படியா? வருவான்னு ரொம்ப நாள் பாத்தேன். உங்ககிட்ட சொல்லலையா அவ?"

"என்னது?"

"எனக்கே உங்களைத் தேத்த முடியும்னு நம்பிக்கை இல்லைங்க, தப்பா எடுத்துக்காதீங்க. அவதான் பிடிவாதமா நின்னா. அப்ப சொன்னேன், அம்மாவைத் தேத்திக் காட்டு, ஆரம்ப வகுப்பை நீயே எடு, உன் மார்க்கை நான் கேக்க மாட்டேன்னு. துள்ளிக் குதிச்சா. அம்மாகிட்ட இப்ப சொல்லாதீங்க, முடிவு வந்ததும் நானே சொல்றேன்னா." டீச்சர் பெருமூச்சு விட்டாள். "வரவே இல்ல. போன மாசம் வேற ஒரு பொண்ணைப் போட்டுட்டோம்."

பக்கத்து அறையில் யாரோ ஒரு சின்னப் பெண் வயதானவர்களுக்கு வகுத்தல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரே விதமாகத்தான் சொன்னாள். யாருக்கும் புரியவில்லை. மடிப்பக்காவுக்கு அங்கேயே விழுந்து அழவேண்டும்போல இருந்தது.

சலவைக்கூடத்துக்கு எப்படித் திரும்பினாள் என்று அவளுக்கே தெரியாது. தாய் விடுப்பில் போனதால் மகள் அன்று மடிக்கும் மேசைக்கு மாற்றப்பட்டிருந்தாள், துணைக்கு ஆளில்லாமல் தனியாக ஒரு விரிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். தாய் சான்றிதழை நீட்டினாள்.

மகள் கையை உடுப்பில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். கணக்கு என்ற வரியில் விரலை வைத்துப் பார்த்தாள். விரல் அங்கேயே நின்றது.

"நாப்பத்துமூணு" என்றாள்.

"உன் வாழ்க்கையில நானே மண்ணள்ளிப் போட்டுட்டேன்டி. நீ மனசு உடைஞ்சிருவியேன்னு..."

"அந்தப் பத்தொன்பதை எங்கேர்ந்து எடுத்த?"

"உன்னைவிட ரெண்டு கம்மியா இருக்கட்டும்னு..."

உருளைகள் ஓடுகிற சத்தத்தில் மகளின் குரல் மெதுவாகத்தான் கேட்டது. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

"நான் இருபத்தொண்ணு வாங்கினதை அன்னிக்கே மறந்துட்டேன்மா. அது எனக்குப் பழகினதுதான். இந்தப் பத்தொன்பதைத்தான் மறக்க முடியல. நாலு மாசமா வண்டி தள்ளிக்கிட்டே, எங்க தப்பா சொல்லிக் குடுத்தோம்னு ஒவ்வொரு பாடமா யோசிச்சுப் பாத்தேன். எங்கயும் தப்பு கிடைக்கல. அப்ப எனக்குச் சொல்லிக் குடுக்கவும் வரலைன்னு முடிவு பண்ணிக்கிட்டேன்."

"டீச்சரம்மா..." என்று ஆரம்பித்தாள் தாய்.

"அப்படிக் கூப்பிடாதம்மா."

சான்றிதழைக் கசங்காமல் மடித்துத் தாயின் பையில் வைத்தாள். விரிப்பின் இரண்டு முனைகளைத் தான் எடுத்துக்கொண்டு, மற்ற இரண்டையும் தாயிடம் நீட்டினாள்.

"பிடி. இன்னும் ரெண்டு வண்டி இருக்கு."

மடிப்பக்கா பிடித்தாள். குறுக்கே ஒரு மடிப்பு, நெடுக்கே ஒரு மடிப்பு. அன்று அவள் மடித்த ஒரு விரிப்பிலும் விளிம்பு பொருந்தவில்லை. மகள் ஒவ்வொன்றையும் பிரித்து, சரியாக மடித்து வைத்தாள்.