ராஜாவுக்குக் கண் வைத்த நாள்

ஸமீரா தன் தாயின் வாயை இரண்டு கைகளாலும் பொத்தினாள்.

"உம்மா, சத்தம் போடாதீங்க. அல்லாவுக்காகச் சத்தம் போடாதீங்க!"

மதீனா பீவியின் அலறல் மகளின் உள்ளங்கைக்குள்ளேயே சூடாக முட்டி நின்றது. பாயில் கிடந்த தஸ்தகீர் போய்விட்டிருந்தார். விடிகாலையில் சுபுஹு தொழுது முடித்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் ஒரு மடக்குத் தண்ணீர் கேட்டார். தண்ணீர் வந்தபோது குடிக்க ஆள் இல்லை. காலமெல்லாம் கூடவே வாழ்ந்தவள் வாய்விட்டு அழக்கூடாதாம்! இப்படியொரு கொடுமை எந்த வீட்டில் நடக்கும்?

பர்மாவின் பசுந்தாங்கில், மூன்றாம் மாடியில், இந்த வீட்டில் நடந்தது. அதற்கான காரணம் முன்னறையில் மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டப்பட்டிருந்தது.

ஸமீரா தையலுக்கு வைத்திருந்த வெள்ளை அடித்துணியில் ஒரு கீற்றுக் கிழித்து வாப்பாவின் தாடையைக் கட்டினாள். இமைகளை விரலால் நீவி மூடினாள். வலது கண் மூடிக்கொண்டது. இடது கண் மட்டும் கேட்கவில்லை. மூட மூட, மறுபடி கீற்றாகத் திறந்து கூரையைப் பார்த்தது. ஊசியில் நூல் கோக்கும்போதும் வாப்பா இப்படித்தான் வலது கண்ணை மூடி, இடது கண்ணைக் கீற்றாக இடுக்குவார்.

முன்னறையில் இருந்தது தஸ்தகீர் தைத்த ஒரு கலகா. கறுப்பு வெல்வெட்டில் பஞ்சு வைத்து உருவங்களைப் புடைப்பாக எடுத்து, ஜரிகையும் சமிக்கியும் தைத்த பெரிய திரை. ராஜாக்கள் இருந்த காலத்தில் மாண்டலே அரண்மனையில் தொங்கிய வகைச் சாமான். மிங்கலாடோனில் புது வீடு கட்டியிருக்கும் கர்னல் ஒருவருக்கு, தான் அந்த ராஜ வம்சத்து வாரிசு என்று நினைப்பு. இல்லையென்று யார் போய்ச் சொல்வது? அரண்மனையில் இருந்ததைப் போலவே ராஜாவின் கதை முழுவதும் வேண்டும் என்றார். பிறப்பு ஒன்று, போர் ஒன்று, நகரம் கட்டியது ஒன்று, முடிசூட்டு ஒன்று. ராஜாவின் முகம் மட்டும் தன் போட்டோவைப் பார்த்துத் தைக்கப்பட வேண்டும். கூலி பேசவில்லை. "உன் மகன் இன்சீனில்தானே இருக்கிறான்?" என்று மட்டும் தஸ்தகீரிடம் கேட்டார்.

எண்பத்தெட்டில் ராணுவ ஆட்சியை எதிர்த்து ஊர்வலத்துக்குப் போன பிள்ளை நசீர். அன்றிலிருந்து எட்டு வருடமாக இன்சீன் ஜெயிலில் இருக்கிறான். முடிசூட்டுக் கலகா வந்து சேரும் நாளில் அவன் வீட்டுக்கு வருவான் என்று கர்னல் வாக்குக் கொடுத்திருந்தார். ஜோசியர் குறித்துக் கொடுத்த அந்த நாள் இன்றுதான். உச்சிப்பொழுதில் ஜீப் வரும்.

செய்தி கேட்டு ஓடி வந்த மாமா அப்துல் ரவூப், அக்காளின் தோளைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் அழுதார். அப்புறம் கதவைத் தாழிட்டார்.

"மௌத்து வீட்டுச் சாமான்னு தெரிஞ்சா அந்த மனுசன் வாசப்படி ஏத்துவாரா? ஜோசியக்காரனைக் கேக்காம மூக்குகூடச் சிந்தமாட்டார். நசீர் கதி என்னாகும்?"

"மையத்தை வெச்சுக்கிட்டு நேரம் கடத்துறது பாவமில்லையா மாமா?" என்றாள் ஸமீரா.

"பாவந்தான். மத்தியானம் லுஹர் தவறுனா சாயங்காலம் அஸருக்கு அடக்குவோம். ஜீப்பு கெளம்பித் தெரு முனை திரும்புன உடனே பள்ளில சொல்லிர்றேன். பெத்த மவன் மண்ணு போட வேணாமா? நீ சொல்லு!"

அண்ணன் வரவேண்டும் என்று வாப்பா தினமும் ஐந்து வேளையும் கேட்ட துஆ அவள் காதிலேயே இருந்தது.

ஊதுபத்தி கூடாது, அத்தர் கூடாது, கற்பூரப் பொட்டலத்தைப் பிரிக்கவே கூடாது என்றார் மாமா. வாடை வித்தியாசமாக இருக்கக்கூடாதாம். ஆகவே மௌத்து விழுந்த வீட்டில் அடுப்பு மூட்டி, மதீனா பீவி வெங்காயம் அரிந்து, வாடை தூக்கும் மீன் விழுதான ஙப்பியை வறுத்தாள். கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது. யாராவது கேட்டால் வெங்காயம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

இன்னும் ஒரு வேலை பாக்கியிருந்தது. ராஜாவுக்குக் கண் இல்லை.

தஸ்தகீர் எந்த உருவத்துக்கும் கண் வைத்ததில்லை. கண் வைத்தால் உயிர் கொடுத்ததாக ஆகிவிடும், நாளை மறுமையில் 'அதற்கு உயிரையும் கொடு பார்ப்போம்' என்று அல்லா கேட்பான், அப்போது எங்கே போவேன் என்பார். யானை, குதிரை, தேவதை எதுவானாலும் முகத்தில் இரண்டு வெற்றிடம் விட்டு எழுந்துவிடுவார். எதிர்வீட்டு டோ மியிங் வந்து கண் வைப்பாள். இத்தனை வருடத்தில் அந்த ஏற்பாடு மாறியதே இல்லை.

டோ மியிங் வந்தாள். கன்னத்தில் தனக்காச் சாந்து, கையில் ஊசி டப்பா. தஸ்தகீரோடு வேலை பார்த்தே தமிழ் படித்தவள். மரியாதைச் சொல் மட்டும் வரவே வராது.

"எங்கே உன் அப்பா? இன்னிக்கு என்னா தூங்குறான்?" என்று சிரித்துக்கொண்டே உள்ளறைத் திரையை விலக்கினாள்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஸமீராவின் கையைப் பிடித்தாள்.

"நா செய்ய மாட்டேன் மகளே."

"நசீர் காக்கா வரணும் டோ மியிங். உங்க கால்ல விழுறேன்."

"நசீரு என் மடியில வளந்த புள்ளே. ஆனா இது முடியாது. செத்தவன் உசுரு பட்டாம்பூச்சி. ஏழு நாளு இந்த வீட்டுக்குள்ளதான் சுத்தும். இப்போ கண்ணு தெறந்தா, அதுக்குள்ளே போயிரும். அப்புறம் அவனுக்கு வழி இல்லே." அவள் ஊசி டப்பாவைத் தரையில் நகர்த்தி வைத்தாள். "யாருக்கும் நா சொல்ல மாட்டேன். டப்பா வெச்சிட்டுப் போறேன்."

கதவு சாத்திக்கொண்டது. ஸமீரா டப்பாவைப் பார்த்தபடி நின்றாள். இரண்டு கறுப்புக் கண்ணாடி மணிகள், கொஞ்சம் வெள்ளைப் பட்டு. மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுமையில் என்னைக் கேட்கட்டும், கேட்டால் அண்ணனுக்காக என்று சொல்லிக்கொள்கிறேன் என்று நினைத்து, பிஸ்மி சொல்ல வாயெடுத்து, சொல்லலாமா கூடாதா என்று தெரியாமல் விழுங்கிவிட்டாள். ஊசியில் நூல் கோத்தாள்.

எப்படிப்பட்ட கண்? கர்னலின் போட்டோ சட்டத்தில் குத்தியிருந்தது. தலையில் தொப்பி, கண்ணில் கறுப்புக் கண்ணாடி! நாசமாய்ப் போக. டோ மியிங் இத்தனை நாள் அரண்மனை வழக்கப்படி எல்லா முகத்துக்கும் ஒரே மாதிரி நீண்ட கண் வைத்துவந்தாள். ஸமீராவுக்கு அந்த வழக்கம் கையில் இல்லை. பட்டுத்துண்டை மடித்துத் தைத்தாள், மணியை வைத்தாள், பிரித்தாள், மறுபடி வைத்தாள். உள்ளறையில் உம்மா மூச்சுக்குள்ளேயே யாஸீன் ஓதுவது கேட்டது. விரலில் ஊசி ஏறியது. அவள் யோசிப்பதை விட்டுவிட்டு, கை போன போக்கில் தைத்து முடித்தாள்.

நூலைக் கடித்து அறுத்துவிட்டு நிமிர்ந்தவள் திடுக்கிட்டுப் பின்னால் நகர்ந்தாள். சிங்காசனத்தில் கர்னலின் மூக்கும் கர்னலின் தாடையுமாக ராஜா உட்கார்ந்திருந்தார். அந்த முகத்தில் வலது இமை தாழ்ந்திருந்தது. இடது இமை மட்டும் முழுக்க மூடாமல், கீற்றாக, அவளைத் தாண்டி எதையோ பார்த்தது.

பிரித்துத் தைக்க நேரமில்லை. பால்கனியிலிருந்து தெருவரை தொங்கும் கயிற்றை யாரோ கீழேயிருந்து இழுத்தார்கள். வீட்டுக்குள் மணி கிணுகிணுத்தது.

முந்தைய மூன்று கலகாக்களையும் எடுத்துப்போன அதே சார்ஜெண்ட்தான், இரண்டு சிப்பாய்களோடு ஏறி வந்தார். வந்தபோதெல்லாம் இதே அறையில் தஸ்தகீர் கையால் தேநீர் குடித்தவர்.

"ஊ தஸ்தகீர் எங்கே?" என்று பர்மா பாஷையில், மரியாதைச் சொல் சேர்த்துக் கேட்டார்.

"உடம்பு சரியில்லை. தூங்குகிறார்," என்று ஸமீராவும் அதே பாஷையில் சொன்னாள்.

சார்ஜெண்ட் ராஜாவின் முன்னால் போய் நின்றார். சமிக்கி மேல் விரல் வைக்காமல் குனிந்து முகத்தைப் பார்த்தார். திரும்பி உள்ளறைத் திரையைப் பார்த்தார். அடுப்படியில் நின்ற மதீனா பீவியின் வீங்கிய கண்களைப் பார்த்தார்.

"வெங்காயம்," என்றாள் அவள், யாரும் கேட்காமலேயே.



"இந்தக் கண்ணை எங்கேயோ பார்த்திருக்கிறேன்," என்றார் சார்ஜெண்ட். பிறகு சிப்பாய்களுக்குக் கையசைத்தார். அவர்கள் கலகாவைச் சட்டத்திலிருந்து பிரித்துச் சுருட்டித் தோளில் ஏற்றினார்கள். "உன் அண்ணன் கீழே ஜீப்பில் இருக்கிறான். வரச் சொல்கிறேன்." அவர் பால்கனியிலிருந்து ஜீப்புக்குக் கையசைத்தார்.

மாடிப்படியில் கனத்த பூட்ஸ் சத்தம் இறங்கியது. எதிரே செருப்பில்லாத கால்களின் சத்தம் ஏறி வந்தது. நடுவில் ஓரிடத்தில் இரண்டும் நின்று, விலகின.

நசீர் வாசலில் வந்து நின்றான். மொட்டைத் தலை, தோளில் நிற்காத சட்டை, இடுப்பில் கட்டியிருந்த லோஞ்சி நழுவ நழுவப் பிடித்துக்கொண்டிருந்தான். உம்மா ஓடிப்போய் அவன் நெஞ்சில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவன் அவள் தலைக்கு மேலாகத் தங்கையைப் பார்த்துச் சிரித்தான். எட்டு வருடத்தில் பல் இரண்டு போயிருந்தது.

"படியில ஒதுங்கி நின்னேன் ஸமீ. சுருட்டுன ஓரத்துல ராஜா மூஞ்சி தெரிஞ்சுது. வாப்பா கண்ணு வைக்கவே மாட்டாரே, எப்போலேர்ந்து ஆரம்பிச்சார்? அதுவும் தன் கண்ணையே வெச்சிருக்கார், குசும்பு புடிச்ச மனுசன்!"

மாமா பால்கனிக் கதவோரம் நின்று தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னா எல்லாரும் இப்படி நிக்கிறீங்க? எங்கே அவரு?"

உம்மாவை மெல்ல விலக்கிவிட்டு, நசீர் உள்ளறைத் திரையைத் தள்ளினான்.

ஸமீரா பாய்ந்து போய், ஊசி குத்திய கையாலேயே அண்ணனின் வாயைப் பொத்தினாள். கீழே ஜீப் இன்னும் கிளம்பவில்லை.